ஆல்பிரட் பியூக்கி

காரவள்ளியினின்று கொல்லிமலைக்கு ஏறும் சாலையில் 70 கொண்டையூசி வளைவுகள் உள்ளன. 1,200 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்திலிருப்பதினும் ஏறக்குறைய எட்டிலொரு பங்கு குறைவு. காற்றுக் குறையின் எஞ்சினின் வலியும் குறையும். எனினும் இக்காலத்து டீசல் வண்டிகள் அவ்வேற்றத்தில் தளராது செல்கின்றன. அதற்குத் துணையாவது டர்போ என்னுங் கருவி. அதனைக் கண்ட பெரியாரின் வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூறப் புகுகின்றோம்.

ஆல்பிரட் பியூக்கி 1879ஆம் ஆண்டு ஜூலை மாதம் 11ஆம் நாள் ஸ்விட்ஸர்லாந்தில் விண்டர்தூர் நகரிற் பிறந்தார். தந்தையார் ஸுல்ஸர் தொழிற்சாலையில் உயர்பதவி வகித்தவர். ஸூரிக் நகரத்துப் பொறியியற் கல்லூரியில் 1903இல் பட்டம் பெற்ற இவர், எஞ்சின் எரிக்கும் எண்ணெயின் வெப்பத்தில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு புகையோடு வீணே வெளியேறுவதைக் கண்டு வருந்தினார். அப்புகையாலேயே ஒரு சக்கரத்தைச் சுழற்றி, அதனோடு பிணைத்த மற்றொரு சக்கரத்தால் காற்றையழுத்திச் சிலிண்டரினுட் செலுத்தலாமென்பது அவர் கருத்து. 1905 நவம்பர் 16ஆம் நாளிட்ட ஜெர்மானியக் காப்புரிமை அதற்குச் சான்று.

கருத்துத் தோன்றியது எளிது. கைகூடியதோ இருபது ஆண்டுகள் கழித்தே. உயரத்து மெலிந்த காற்றில் பறக்கும் விமானங்களுக்கென 1915இல் அவர் செய்த கருவி நம்பத்தக்கதாக அமையவில்லை. 1925இற்றான் வெற்றி கிட்டிற்று. புகைக்குழாய்களை வகுத்தமைத்ததோடு, இரு வால்வுகளையும் ஒரு கணம் ஒருங்கே திறந்திருக்கச் செய்து, புதுக்காற்றாற் சிலிண்டரைத் துடைத்துக் குளிர்வித்தார். வலியை மிகுவித்தும் வெப்பத்தை அடக்கிய இவ்வேற்பாடே அவரது முதற் காப்புரிமையினும் பெரிதென்பது எம் கருத்து. பிராய்ஸன், ஹன்ஸஸ்டாட் டான்ஸிக் என்னும் கப்பல்களின் எஞ்சின்கள் 1,750 குதிரைத்திறனினின்று 2,500க்கு உயர்ந்தன. 1938இல் ஸூரிக் கல்லூரி அவருக்குக் கௌரவ டாக்டர் பட்டம் அளித்தது. 1959 அக்டோபர் 27ஆம் நாள், தம் 80ஆம் வயதில் அவர் காலமானார்.

மூன்றாண்டு கழித்து, 1962இல், டர்போ பூண்ட கார்கள் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தன. கப்பல் ஒரே விரைவிற் செல்வது. காரோட்டியின் காலோ கணந்தோறும் மாறுவது. புகை மிகுந்தாற் சக்கரம் விரையும், காற்று மிகும், எண்ணெய் மிகும், மீண்டும் புகை மிகும். இச்சுழலை அறுப்பது வேஸ்ட்கேட் என்னுஞ் சிறு கதவு. அழுத்தம் அளவை எட்டியதும், அழுத்திய காற்றே ஸ்பிரிங்கை எதிர்த்துக் கதவைத் திறக்க, புகையில் ஒரு பகுதி சக்கரத்தைத் தீண்டாது வெளியேறும். அழுத்தமானியும் பொருத்தாது அந்த ஸ்பிரிங்கை மாற்றி, மிகை வலி தேடுவோர் பலர். பெட்ரோல் எஞ்சினாயின் எரிபொருள் காலந்தவறி வெடித்துப் பிஸ்டனைத் துளைத்தலும் உண்டு. வெளிக்காற்று மெலிந்த மலைமேல் அதே பூஸ்டை எட்ட டர்போ இன்னும் விரைந்து சுழலவேண்டுமாதலின், சமவெளியில் எல்லைவரை முறுக்கிய வண்டி மலைச்சாலையில் எல்லை கடந்துவிடும்.