வளைந்த பலகையும் வயலின் மேதையும்: அன்டோனியோ ஸ்ட்ராடிவாரி

2011ஆம் ஆண்டு 'லேடி பிளண்ட்' என்ற வயலின் ஏலத்துக்கு வந்தபோது 98 இலட்சம் ஸ்டேர்லிங் பவுண்களுக்கு விலைபோனது. அது செய்யப்பட்டது 1721ஆம் ஆண்டில். செய்தவர் இத்தாலியின் கிரெமோனா நகரைச் சேர்ந்த அன்டோனியோ ஸ்ட்ராடிவாரி. உலகெங்கும் வயலின் என்றதும் முதலில் நினைவுக்கு வரும் இந்தக் கைவினைஞரின் வாழ்க்கை பெரும்பாலும் ஒரே ஊரில், வேலை மேசையின் முன்னாலேயே கழிந்தது.

அவர் 1644ஆம் ஆண்டளவில் பிறந்ததாகக் கருதப்படுகிறது. பிறப்புப் பதிவு எதுவும் கிடைக்கவில்லை. வயலின்களுக்குள் ஒட்டிய சீட்டுகளில் பிற்காலத்தில் அவர் எழுதிவைத்த வயதைக் கொண்டே இந்த ஆண்டைக் கணிக்கிறார்கள். 1630இல் கிரெமோனாவைத் தாக்கிய கொள்ளைநோய் அங்கிருந்த வயலின் தொழிலை ஏறத்தாழ அழித்தது. தப்பியவர் நிக்கோலோ அமாத்தி. குடும்பத்துக்குள் மட்டும் பேணப்பட்ட தொழிலை அவர் வெளியாருக்கும் கற்பிக்கத் தொடங்கினார். 1666ஆம் ஆண்டு வயலின் ஒன்றிலுள்ள சீட்டில் ஸ்ட்ராடிவாரி தன்னை அமாத்தியின் மாணவன் என்று குறித்துள்ளார். ஆய்வாளர் சிலர் இதைச் சந்தேகித்தாலும், ஆரம்பகால வயலின்களில் அமாத்தியின் சாயல் தெளிவாகவே தெரிகிறது.

1667இல் பிரான்செஸ்கா பெரபோஸ்கியை மணந்தார். 1680இல் சான் டொமெனிக்கோ தேவாலயத்துக்கு எதிரே வீடு வாங்கிக் குடியேறினார். இறக்கும்வரை தொழில் நடந்தது அந்த வீட்டில்தான். 1698இல் மனைவி இறந்தார். மறு ஆண்டு அன்டோனியா சம்பெல்லியை மணந்தார். முதல் மனைவியின் பிள்ளைகளான பிரான்செஸ்கோவும் ஒமொபோனோவும் தந்தையோடு சேர்ந்து வேலை செய்தனர்.

ஸ்ட்ராடிவாரி வயலின் மட்டும் செய்தவரல்லர். செலோ, வியோலா, கிட்டார், யாழ் வகைக் கருவிகளும் அவர் பட்டறையில் உருவாகின. 1679இல் செய்த 'சபியோனாரி' கிட்டார் இன்றும் வாசிக்கப்படுகிறது. இரு கருவிகளின் விரற்பலகைகளையும் ஒப்பிட்டால் அவர் தொழிலின் நுட்பம் விளங்கும். அக்காலக் கிட்டாரில் ஐந்து சோடித் தந்திகள். விரலால் மீட்டும் கருவியாதலால் பலகை தட்டையாக இருந்தாலே போதும். குடல் நரம்பைக் கழுத்தைச் சுற்றிக் கட்டியே மெட்டுகள் அமைத்தார்கள். வயலினுக்கு இது பொருந்தாது. நான்கு தந்திகளும் ஒரே மட்டத்தில் இருந்தால் நடுத்தந்தியைத் தொடும் வில் மற்றவற்றையும் சேர்த்து உரசிவிடும். எனவே குதிரையின் மேல்விளிம்பு வளைந்திருக்கும். அதற்கேற்ப விரற்பலகையும் வளைய வேண்டும். இன்றைய வயலினில் இந்த வளைவு சுமார் 42 மில்லிமீற்றர் ஆரையுள்ள வட்டத்தின் ஒரு துண்டு.

அந்த வளைவைக் கையால் எடுப்பது பொறுமையான வேலை. இன்றும் கையால் வயலின் செய்வோர் முதலில் சீவுளியால் பலகையின் இரு ஓரங்களையும் சரித்து இறக்குவார்கள். பிறகு அரத்தாலும் சுரண்டு தகட்டாலும் மட்டப்படுத்துவார்கள். உட்புறமாக வளைவு வெட்டிய அளவுத் தகட்டைப் பலகையின் குறுக்கே வைத்து வெளிச்சத்தை நோக்கிப் பிடிப்பார்கள். ஒளி புகும் இடம் பள்ளம். அதைவிட்டு மற்ற இடத்தைச் சீவ வேண்டும். நீளவாக்கில் நூலளவு குழிவும் வேண்டும். இல்லையெனில் அதிரும் தந்தி பலகையில் பட்டு இரையும். கருங்காலி மரம் உளியின் கூரை விரைவில் மழுக்கிவிடும் என்பதால் இடையிடையே தீட்டிக்கொண்டேயிருக்க வேண்டும். இலங்கையின் உலர்வலயக் காடுகளில் வளரும் கருங்காலியும் இந்தக் குடும்பத்து மரந்தான்.

ஸ்ட்ராடிவாரி காலத்து விரற்பலகை இன்றையதைவிடக் குட்டை. முழுக்க முழுக்கக் கருங்காலியுமல்ல. இலகுவான மரத்தை ஆப்பு வடிவில் செதுக்கி அதன்மேல் கடின மரத்தின் மெல்லிய தகட்டை ஒட்டினார்கள். கழுத்தை உடலோடு ஆணியறைந்து பொருத்தினார்கள். ஒவ்வொரு பகுதிக்கும் அவர் அளவு அச்சுகளை வெட்டி வைத்துக்கொண்டார். கண்மதிப்பில் மட்டும் நம்பிக்கை வைக்காத தொழிலாளி அவர்.

1700 முதல் ஏறத்தாழ 1725 வரையான காலம் அவரது பொற்காலம். 1716இல் செய்த 'மெசையா' வயலின் இன்று ஒக்ஸ்போர்ட் அஷ்மோலியன் அருங்காட்சியகத்தில் உள்ளது. தொண்ணூறு வயதைக் கடந்தும் அவர் வேலையை விடவில்லை. 1737 டிசம்பர் 18இல் காலமானார். சில ஆண்டுகளுக்குள் தொழிலறிந்த இரு மகன்களும் மறைந்தனர். பட்டறை மூடப்பட்டது. இன்னொரு மகன் பாவோலோ தந்தையின் அச்சுகளையும் கருவிகளையும் கோசியோ பிரபுவுக்கு விற்றார். பல கைமாறிய அவற்றை வயலின் தொழிலாளரான ஜியூசெப்பே ஃபியோரினி 1930இல் கிரெமோனா நகருக்கே கொடையளித்தார்.

19ஆம் நூற்றாண்டில் கச்சேரி மண்டபங்கள் பெருத்தன. சுருதி உயர்ந்தது, தந்தியின் இழுவிசையும் கூடியது. பழைய கழுத்துகளைக் கழற்றி, நீண்ட கழுத்தையும் முழுக் கருங்காலிப் பலகையையும் பொருத்தினார்கள். இன்று எஞ்சியுள்ள சுமார் 650 ஸ்ட்ராடிவாரி கருவிகளில் மிகப் பெரும்பாலானவற்றில் வித்துவானின் விரல் படும் பலகை அந்த மேதை செதுக்கியதல்ல. 1690இல் மெடிச்சி குடும்பத்துக்காகச் செய்த பெரிய வியோலா மட்டும் அசல் கழுத்தோடும் பலகையோடும் புளோரன்ஸ் நகரில் பாதுகாக்கப்படுகிறது.

அந்தப் பலகையில் மெட்டு இல்லாததே நமது இசைக்கு வாய்ப்பானது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாலுஸ்வாமி தீட்சிதர் போன்றோர் வயலினைக் கர்நாடக இசைக்குக் கொண்டுவந்தபோது, விரலைத் தடையின்றி வழுக்கிக் கமகம் எழுப்ப முடிந்தது. ஒரு தந்தியை மட்டும் வில் தொடுவதற்காகக் கிரெமோனாப் பட்டறைகளில் சீவப்பட்ட அதே வளைவில்தான் இன்று நமது கோயில் மண்டபங்களிலும் தோடியும் கல்யாணியும் ஒலிக்கின்றன.