வேகத்தைக் கணக்கிட்ட பேராசிரியர்

கோடையில் இட்லி மாவு சீக்கிரம் புளித்துவிடுகிறது. மார்கழியில் மெதுவாகப் புளிக்கிறது. ஏன்?

பொதட்டூர்பேட்டை நெசவாளர் வீட்டுப் பிள்ளைகளுக்கு இது புதிதல்ல. சாயத் தண்ணீர் சூடாக இருந்தால் நூலில் நிறம் விரைவாக ஏறும். ஆறினால் தாமதம். அதே துணி நாள் கணக்கில் வெயிலில் கிடந்தால் நிறம் வெளுத்துவிடும்.

சூடும் வெயிலும் பொருள்களின் மாறுதலை வேகப்படுத்துகின்றன. எவ்வளவு வேகம்? இந்தக் கேள்வியோடு தம் ஆராய்ச்சியைத் தொடங்கியவர் நீல் ரத்தன் தார்.

1892ஆம் ஆண்டு ஜனவரி 2ந் தேதி ஜெஸ்ஸூரில் பிறந்தார். அந்த ஊர் இப்போது வங்காளதேசத்தில் இருக்கிறது. கல்கத்தாவில் ஆச்சாரிய பிரபுல்ல சந்திர ராய் இவருக்கு ஆசிரியர். ராய் தம் சம்பளத்தை மாணவர்களுக்கே செலவிட்டவர். அந்தக் குணம் சீடரிடமும் ஒட்டிக்கொண்டது.

1915ல் சீமைக்குப் போனார். முதல் உலக யுத்தம் நடந்த நேரம் அது. 1917ல் லண்டனிலும் 1919ல் பாரீசிலும் டாக்டர் பட்டம் பெற்றார். அதே ஆண்டில் அலகாபாத் மியூர் மத்தியக் கல்லூரியில் பேராசிரியர் ஆனார்.

ஈர விறகும் காய்ந்த விறகும்

சூடு 10 டிகிரி கூடினால் பல ரசாயன மாறுதல்களின் வேகம் இரண்டு, மூன்று மடங்காகிறது. ஆனால், வெளிச்சத்தால் நடக்கும் மாறுதல்களுக்குச் சூடு பெரும்பாலும் அவ்வளவு உதவுவதில்லை. இவற்றைத் தார் ஒவ்வொன்றாக அளந்து பார்த்தார்.

இன்னொரு விந்தையையும் ஆராய்ந்தார். அடுப்பில் ஈர விறகை மட்டும் வைத்தால் புகையும். பக்கத்தில் காய்ந்த விறகு எரிந்தால் அதுவும் பற்றிக்கொள்ளும். அதுபோல, தனியே இருந்தால் காற்றில் மாறாத ஒரு பொருள், அருகில் வேறொன்று மாறிக்கொண்டிருந்தால் தானும் மாறும். (இது உவமைதான்; சோதனைக் குழாயில் தீ இல்லை!)

வயலுக்கு வந்தார்

பிறகு பேராசிரியரின் பார்வை மண் மீது திரும்பியது. வட இந்தியாவில் ஏராளமான நிலம் களர் பிடித்துப் பாழாய்க் கிடந்தது. சர்க்கரை ஆலைகளில் மிஞ்சும் கழிவுப் பாகை அந்த நிலத்தில் இடச் சொன்னார். பாகு மண்ணில் சிதையும்போது புளிப்புப் பொருள்கள் உண்டாகும். அவை களரை முறிக்கும்.

அத்துடன் அவர் நிற்கவில்லை. பாகும் சாணமும் வெயில் பட்டுச் சிதையும்போது, காற்றிலுள்ள நைட்ரஜன் உரமாக மண்ணில் சேர்கிறது என்றார். கிருமி இல்லாமலே இது நடக்கும் என்றார். உண்மையானால் ஏழை விவசாயிக்கு எவ்வளவு பெரிய லாபம்! விஞ்ஞானிகள் பலர் இதை ஒப்பவில்லை. மண்ணில் அந்த வேலையைச் செய்பவை நுண்ணுயிர்களே என்பதுதான் இன்றும் பொதுவான முடிவு. தார் தம் கருத்தை விடவில்லை. வருஷக் கணக்கில் சோதனை செய்துகொண்டே இருந்தார்.

மண் ஆராய்ச்சிக்காகத் தம் சொந்தப் பணத்தைப் போட்டு அலகாபாத்தில் ஒரு நிலையம் அமைத்தார். கண்ணாடித் தொழில் விஞ்ஞானி ஆத்மாராம் இவரிடம் படித்தவர்தான். அவர் 1966ல் நாட்டின் விஞ்ஞான, தொழில் ஆராய்ச்சிக் கவுன்சிலுக்கே தலைமை இயக்குநரானார்.

1961ல் இந்திய விஞ்ஞான காங்கிரசுக்குத் தார் தலைமை வகித்தார். 1986ல், 94ஆம் வயதில் காலமானார். மண் ஆராய்ச்சி நிலையத்துக்கு அவர் பெயர் இல்லை. அவருடைய மனைவி ஷீலாவின் பெயர்தான் இருக்கிறது.