ரசகுல்லா தந்த நவீன சந்திர தாஸ்

சாந்த்ராகாச்சியில் சென்னை ரயில் ஏறும் நம்மவர்களின் மூட்டையைப் பிரித்தால் ஒரு டின் ரசகுல்லாவாவது அகப்படும். கங்கைக்கு அக்கரையில், பாக்பஜாரில் கடை வைத்து அந்தப் பண்டத்துக்குப் பெயர் தேடித் தந்தவர் நவீன சந்திர தாஸ்.

1845-ல் பிறந்த அவருடைய முன்னோர் சர்க்கரை வியாபாரிகள். அவர் தலையெடுப்பதற்குள் குடும்பம் நொடித்துவிட்டது. மிட்டாய்க் கடையொன்றில் தொழில் பழகி, 1864-ல் ஜோராசாங்கோவில் சொந்தக் கடை போட்டார், அது நிலைக்கவில்லை. இரண்டாண்டு கழித்துப் பாக்பஜாரில் மறுபடி தொடங்கினார்.

அந்நாளில் எங்கும் சந்தேஷ்தான். புதிதாக ஒன்று செய்ய விரும்பிய தாஸ், பாலைத் திரித்தெடுத்த சானாவை உருட்டிக் கொதிக்கும் பாகில் இட்டுப் பார்த்தார். உருண்டைகள் உடைந்து கரைந்தன. பலமுறை தோற்றபின் 1868-ல் பஞ்சு போன்ற பதம் கைகூடிற்று. ஒரிசாக்காரர்கள் இதை ஒப்புவதில்லை. ரசகுல்லா பூரி ஜகந்நாதருக்கு நெடுங்காலமாகப் படைக்கப்படுவது என்பார்கள். 2017-ல் வங்காளத்துக்கும் 2019-ல் ஒரிசாவுக்கும் தனித்தனியே புவிசார் குறியீடு தந்தாயிற்று. சண்டை மட்டும் ஓய்ந்தபாடில்லை!

பகவான்தாஸ் பாக்லா என்ற மார்வாடிச் செல்வரின் வண்டி ஒருநாள் கடைமுன் நின்றதாம். தாகமென்ற பிள்ளைக்குத் தண்ணீரோடு ஒரு ரசகுல்லாவும் கொடுத்தார் தாஸ். பிள்ளை முகம் மலர, தகப்பனாரும் சுவைத்துவிட்டு ஏராளமாக வாங்கிச் சென்றார் என்பது கதை. தொழில் ரகசியத்தைத் தாஸ் பூட்டி வைக்கவில்லை. பிறருக்கும் கற்றுக் கொடுத்தார். 1925-ல் காலமானார். டின்னில் அடைத்து வெளியூருக்கு அனுப்பியது, 1930-ல், மகன் கிருஷ்ண சந்திர தாஸ்.

தாஸின் கைவண்ணம் சானாவில் இருந்தது. அது பாலின் புரதமும் கொழுப்பும். இன்று டாக்டர்கள் அஞ்சுவது பாகை. நாற்காலியில் உட்கார்ந்தே சம்பாதித்து உடல் பருத்தவர்களுக்குச் சர்க்கரை இருமடங்கு தொல்லை. அதில் பாதி குளுக்கோஸ், பாதி ஃபிரக்டோஸ். ஃபிரக்டோஸின் பெரும்பங்கைக் கல்லீரலே ஏற்கிறது, மிஞ்சினால் கொழுப்பாக்குகிறது. கல்லீரலில் கொழுப்பு தங்க, ரத்தத்தில் டிரைகிளிசரைடு ஏற, இன்சுலினின் பிடி தளர்கிறது. நீரிழிவுக்கு வழி திறக்கிறது. நெய்யைக் கண்டு பயந்து ஒதுக்குபவர்கள், காப்பியிலும் குளிர்பானத்திலும் சேரும் சர்க்கரையைக் கணக்கில் வைப்பதே இல்லை.

பழத்திலும் பாலிலும் இயல்பாக உள்ளது நீங்கலாக, நாளொன்றுக்குச் சர்க்கரை 50 கிராமுக்குள், இயன்றால் 25 கிராமுக்குள் நிற்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2015-ல் வரம்பு கட்டியது. 25 கிராம் என்பது ஆறு தேக்கரண்டி.

ரசகுல்லாவைப் பிழிந்து தின்றால் ஆபத்தில்லை என்று கல்கத்தாவில் பலர் சமாதானம் சொல்லிக்கொள்கிறார்கள். பிழிந்தால் குறையும், உண்மைதான். ஆனால் தாஸ் கண்டுபிடித்தது பஞ்சுப் பதமாயிற்றே. உள்ளே ஊறியதெல்லாம் விரல் அழுத்தத்துக்கு வந்துவிடாது.