பூட்டுக்காரர் மகன் ஓம்

காசு போட்டால் திரையில் ஆட்டம் காட்டும் எந்திரங்கள், 1970-களிலும் 1980-களிலும் அமெரிக்காவில் பெயர் பெற்று விளங்கின. ஆள் உயரப் பெட்டி. உள்ளே மின்சாரக் கருவிகள். மூலையில் கிடந்த அந்தப் பழைய பெட்டிகளைத் தேடிப் பிடித்து, மீண்டும் ஓட வைப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

விவரம் தெரிந்தவர், பெட்டி வந்ததும் பிளக்கைச் சொருக மாட்டார். ஒரு பாகம் கெட்டிருந்தால் மற்றவையும் கருகி விடலாம். ஆகவே, மின்சாரம் கொடுக்காமலே சோதிப்பார். பெரிய கபாசிட்டரில் தங்கி இருக்கும் மின்சாரத்தை முதலில் வடித்து விடுவார். பிறகு பியூசைக் கழற்றி, அதன் இரு முனைகளிலும் மீட்டர் கம்பிகளை வைப்பார். பியூஸ் நன்றாக இருந்தால், மீட்டர் ஏறக்குறைய 0 ஓம் காட்டும். அறுந்து இருந்தால், மின்சாரம் போக வழி இல்லை என்று காட்டி விடும். அடுத்தது டிரான்ஸ்பார்மர் சுருள். அதற்கும் ஓம் கணக்குத்தான்.

இந்த ஓம், மந்திரம் அல்ல. ஒரு மனிதரின் பெயர்!

தந்தையே ஆசிரியர்

ஜார்ஜ் சைமன் ஓம், ஜெர்மனியில் எர்லாங்கன் என்ற ஊரில் 1789-ம் ஆண்டு மார்ச் 16-ந் தேதி பிறந்தார். தந்தை பூட்டு செய்பவர். தாய், ஒரு தையற்காரரின் மகள். ஓமுக்கு 10 வயதாகும்போது தாய் இறந்து விட்டார்.

தந்தை பெரிய படிப்புப் படித்தவர் அல்ல. ஆனால், தாமே புத்தகங்களைப் படித்துத் தேறியவர். தம் பிள்ளைகளுக்குக் கணக்கும் விஞ்ஞானமும் அவரே சொல்லிக் கொடுத்தார்.

1805-ல் ஓம் பல்கலைக் கழகத்தில் சேர்ந்தார். அங்கே நடனம், பில்லியர்ட்ஸ், பனிச் சறுக்கு என்று பொழுதைப் போக்கினார். தந்தைக்குக் கோபம் வந்தது. தமக்குக் கிடைக்காத படிப்பை மகன் பாழாக்குவதை அவரால் பொறுக்க முடியவில்லை. படிப்பை நிறுத்தி, மகனை சுவிட்சர்லாந்துக்கு அனுப்பினார். 17 வயதில் ஓம் அங்கே பள்ளிக்கூட வாத்தியார் ஆனார்.

அதன் பிறகு ஓம் விளையாடவில்லை. தாமே படித்து, 1811-ல் ஊர் திரும்பி, டாக்டர் பட்டம் பெற்றார்.

8 கம்பிகள்

1817-ல் கொலோன் நகரப் பள்ளியில் அவருக்கு வேலை கிடைத்தது. அங்கே நல்ல பரிசோதனைச் சாலை இருந்தது. மின்சாரம் கம்பியில் எப்படி ஓடுகிறது என்று ஆராயத் தொடங்கினார்.

ஒரு தொல்லை ஏற்பட்டது. அந்தக் கால பாட்டரியின் வேகம் நிலையாக நிற்காது, ஏறும், இறங்கும். அதை வைத்து எப்படி அளப்பது? ஓம் வேறு வழி கண்டார். செம்பையும் பிஸ்மத் என்ற உலோகத்தையும் இணைத்தார். ஓர் இணைப்பைக் கொதிக்கும் நீரிலும், மற்றொன்றைப் பனிக்கட்டியிலும் வைத்தார். நிலையான மின்சாரம் கிடைத்தது.

2 அங்குலம் முதல் 130 அங்குலம் வரை, 8 செம்புக் கம்பிகளை மாற்றி மாற்றிப் பார்த்தார். கம்பி நீள நீள, மின்சாரம் குறைந்தது. நீண்ட குழாயில் தண்ணீர் குறைவாக வருவது போலத்தான். மின்சாரத்தைத் தள்ளும் விசை கூடினால் ஓட்டம் கூடும். கம்பியின் தடை கூடினால் ஓட்டம் குறையும். இதுவே ஓம் விதி.

வேலை போயிற்று

1827-ல் இதை அவர் புத்தகமாக வெளியிட்டார். பல்கலைக் கழகத்தில் பேராசிரியர் பதவி கிடைக்கும் என்று நம்பினார். கிடைக்கவில்லை. பலர் புத்தகத்தைக் கவனிக்கவே இல்லை. சிலர் தாக்கி எழுதினார்கள்.

மனம் நொந்த ஓம், 1828-ல் கொலோன் வேலையை விட்டு விலகினார். பெர்லினில் கணக்குச் சொல்லிக் கொடுத்துக் காலம் தள்ளினார். 5 ஆண்டுகள் இப்படியே போயின. 1833-ல்தான் நூரம்பர்க் நகரில் நல்ல வேலை கிடைத்தது.

அவருடைய பெருமையை அயல்நாடு கண்டு கொண்டது. லண்டன் ராயல் சங்கம், 1841-ல் அவருக்குக் காப்ளி பதக்கம் வழங்கியது. அவர் விரும்பிய பேராசிரியர் பதவி, 1852-ல் மியூனிக் பல்கலைக் கழகத்தில் கிடைத்தது. அப்போது வயது 63! இரண்டே ஆண்டுகள்தான் அதை வகித்தார். 1854-ம் ஆண்டு ஜூலை 6-ந் தேதி காலமானார். அவர் திருமணம் செய்து கொள்ளவில்லை.

1881-ல் பாரிசில் மின்சார நிபுணர்களின் உலக மாநாடு நடந்தது. மின்தடையின் அளவுக்கு ஓம் என்று பெயர் வைத்தார்கள்.

அரை வோல்ட் எங்கே?

மீண்டும் அந்த விளையாட்டுப் பெட்டிக்கு வருவோம். பியூஸ் நன்றாக இருக்கிறது. 5 வோல்ட் மின்சாரமும் புறப்படுகிறது. ஆனால், ஆட்டம் தடுமாறுகிறது. காரணம் என்ன?

களிம்பு ஏறிய ஓர் இணைப்பு! அதன் தடை ஓர் ஓமில் பத்தில் ஒரு பங்குதான். ஆனால், 5 ஆம்பியர் ஓடும்போது அங்கேயே அரை வோல்ட் தொலைந்து விடும். மிஞ்சுவது நாலரை வோல்ட். அது போதாது. இணைப்பைச் சுத்தம் செய்தால் எந்திரம் ஓடும்.

கண்ணுக்குத் தெரியாத குறையைக் கணக்கு காட்டிக் கொடுத்து விட்டது. அந்தக் கணக்கைக் கண்டு சொன்னதற்காகத்தான் பூட்டுக்காரர் மகன் அத்தனை ஆண்டுகள் காத்துக் கிடந்தார்.