காதலைக் கல்லில் நிறுத்திய சிற்பி ராம்கிங்கர் பைஜ்

புதுதில்லி: நாடாளுமன்ற வீதியிலுள்ள ரிசர்வ் வங்கிக் கட்டடத்தின் வாயிலில், ஒருபுறம் யட்சனும் மறுபுறம் யட்சியும் ஓங்கி நிற்கின்றனர். செல்வத்தைக் காப்பவர்களாகப் புராணங்கள் கூறும் இந்த இணையில், யட்சியின் ஆடையற்ற மேனி மாநிலங்களவையில் கேள்வி எழும் அளவுக்குச் சர்ச்சையானது. சிலைகளை வடித்தவர் ராம்கிங்கர் பைஜ். ஆண், பெண் அன்பை நாணமின்றிப் பொதுவெளியில் நிறுத்தியவர் அவர்.

மேற்கு வங்கத்தின் பாங்குராவில் 1906-ல் எளிய நாவிதர் குடும்பத்தில் பிறந்த ராம்கிங்கர், சிறு வயதில் விடுதலைப் போராட்டத் தலைவர்களின் உருவங்களை வரைந்தார். அவரது திறனைக் கண்ட பத்திரிகை ஆசிரியர் ராமானந்த சட்டர்ஜி, 1925-ல் அவரைச் சாந்திநிகேதனில் சேர வைத்தார். அங்கு நந்தலால் போஸிடம் பயின்ற அவர், பின்னர் அங்கேயே சிற்பக்கலை ஆசிரியரானார்.

மகாபாரதத்தில் காதல் மறுக்கப்பட்ட தேவயானியைக் கசனுடன் இணைத்து அவர் வடித்த சிற்பம் தொடக்ககாலப் படைப்புகளில் ஒன்று. 1931-ல் 'மிதுன' என்ற தலைப்பில் தழுவி நிற்கும் இணைகளை உருவாக்கினார். கோனார்க், கஜுராஹோ கோயில்களின் மிதுனச் சிற்ப மரபு, இருபதாம் நூற்றாண்டின் மொழியில் மீண்டும் பேசத் தொடங்கியது.

வெண்கலம் வாங்கப் பணமில்லாத நிலையில், சிமென்ட்டையும் செம்மண் பகுதியின் சரளைக் கற்களையும் கலந்து அவர் சிலை எழுப்பினார். 1938-ல் உருவான 'சந்தால் குடும்பம்' அத்தகையதே. தோளில் காவடித் தடி, கூடையில் குழந்தை, உடன் ஒரு நாய் என நடக்கும் பழங்குடி உழைப்பாளிக்கு இணையாக அவன் மனைவியும் நடக்கிறாள். நிலவும் சோலையும் இல்லாத இந்தக் காதலில் சுமையைப் பகிர்வதே நேசம்.

மணிப்பூர் அரச குடும்பத்திலிருந்து வந்து தம்மிடம் பயின்ற பினோதினியை அவர் பலமுறை தீட்டினார், சிலையாகவும் வடித்தார். மீண்டும் மீண்டும் அதே முகத்துக்குத் திரும்பிய அந்தப் பார்வையில் நேசம் ஒளிந்திருக்கவில்லை. பினோதினி பின்னாளில் சாகித்திய அகாதெமி விருது பெற்ற எழுத்தாளரானார். திருமணச் சடங்கின்றி ராம்கிங்கருடன் வாழ்ந்த ராதாராணியும் அவரது கலையில் இடம்பெற்றார். ஊராரின் ஏச்சு அவரது வாழ்க்கையையும் மாற்றவில்லை, கலையையும் மாற்றவில்லை.

பொதுக் கட்டடங்களில் கலைஞர்களுக்கு இடமளிக்க வேண்டும் என்ற நேருவின் விருப்பத்தையொட்டி, 1950-களில் ரிசர்வ் வங்கிப் பணி அவரிடம் வந்தது. காங்ரா பள்ளத்தாக்கிலிருந்து கல் கொணரப்பட்டது. பணி முடியப் பல ஆண்டுகள் ஆயின. யட்சன் கையில் தொழில்துறையைக் குறிக்கும் சக்கரம். யட்சி கையில் வேளாண்மையைக் குறிக்கும் நெற்கதிர். உயரத்தில் எவரும் தாழ்ந்தவரல்லர். எதிர்ப்பு எழுந்தும் யட்சி அகற்றப்படவில்லை.

1970-ல் பத்மபூஷண் பெற்ற ராம்கிங்கர், 1980 ஆகஸ்ட் 2-ல் கொல்கத்தாவில் காலமானார். 2012-ல் தில்லி தேசிய நவீனக் கலைக்கூடம் அவரது படைப்புகளைத் திரட்டிப் பெரும் கண்காட்சி நடத்தியது. ஆனால், அவரது காதலர்களைக் காண நுழைவுச்சீட்டு தேவையில்லை. அவையில் கேள்வி எழுப்பிய காலம் கடந்துவிட்டது. இடையே ஒரு வாயிலுடன் யட்சனும் யட்சியும் நிற்கின்றனர்.