பூநாரையை விரட்டாமல் படம் எடுக்க முடியுமா? மா. கிருஷ்ணன் கதையைப் படிச்சுட்டுப் போங்க!

ஆறு நாள் ஷிஃப்ட் முடிந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை. கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலிருந்து பைக்கை எடுத்துக்கொண்டு பொன்னேரி வழியாகப் பழவேற்காடு போறீங்க. ஏரியில் தூரத்தில் ஃபிளமிங்கோ கூட்டம். தமிழில் பூநாரை. தலையைத் தண்ணீருக்குள் விட்டு மேய்ந்துகொண்டு இருக்கு. நிற்கும்போது வெளிறிய நிறம்தான். இறக்கையை விரித்தால்தான் உள்ளே இருக்கும் சிவப்பும் கறுப்பும் பளிச்சென்று தெரியும். ரீல்ஸுக்கு அந்தச் சிவப்புதானே வேணும்? படகைக் கிட்டே விட்டு, கையைத் தட்டினா மொத்தக் கூட்டமும் எழும்பிடும் என்று மனசு சொல்லும்.

அங்கேதான் ஒரு நிமிஷம் நிறுத்தி, மா. கிருஷ்ணனை நினைச்சுக்கோங்க. இந்தியக் காட்டுயிர் ஒளிப்படக் கலையின் முன்னோடிகளில் ஒருவர் அவர். நம்ம சென்னைக்காரர்.

மயிலாப்பூர் வீட்டுப் பையன்

1912-ல் திருநெல்வேலியில் பிறந்தவர் கிருஷ்ணன். அப்பா அ. மாதவையா, 'பத்மாவதி சரித்திரம்' எழுதிய நாவலாசிரியர். வீட்டின் கடைக்குட்டி கிருஷ்ணன். வளர்ந்தது மயிலாப்பூரில். அந்தக் கால மயிலாப்பூர் தோப்பும் புதரும் நிறைந்த இடம். பள்ளி விட்டால் பறவையும் கீரியும்தான் கூட்டாளிகள். 1925-ல் அப்பா திடீரென இறந்தபோது இவருக்கு 13 வயசு.

மாநிலக் கல்லூரியில் தாவரவியல் படிச்சார். பிறகு சட்டமும் படிச்சார். ஆனாலும் சரியான வேலை அமையவில்லை. படம் வரைந்தார், பத்திரிகைகளுக்கு எழுதினார். 1942-ல், இப்போது கர்நாடகத்தில் இருக்கும் சந்தூர் சமஸ்தானத்தில் வேலை கிடைத்தது. ஆசிரியர், நீதிபதி, மன்னரின் செயலாளர் என்று பல பொறுப்புகள். நடுவில் ஆடு மேய்த்தும் பார்த்தார், புறாவும் வளர்த்தார். மீதி நேரமெல்லாம் காடு.

சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்த பிறகு சென்னைக்குத் திரும்பினார். அதற்கப்புறம் அவர் மாதச் சம்பளத்துக்குப் போகவே இல்லை. எழுத்தும் கேமராவும்தான் பிழைப்பு. 1950-ல் கொல்கத்தாவின் 'ஸ்டேட்ஸ்மேன்' நாளிதழில் இயற்கை பற்றி ஒரு பத்தி எழுத ஆரம்பித்தார். 1996-ல் இறக்கும் வரை, 46 வருஷம் அதை நிறுத்தவில்லை.

கனமான கேமரா, நிறைய பொறுமை

உங்க போன் ஒரு விநாடிக்குப் பத்து, இருபது படம் எடுக்கும். பிடிக்காததை அழிச்சிடலாம். கிருஷ்ணனிடம் இருந்தது ஃபிலிம். ஒவ்வொரு கிளிக்கும் காசு. ஃபோகஸைக் கையால்தான் திருப்பணும். வேறு வேறு கேமராக்களின் பாகங்களைச் சேர்த்து அவரே ஒரு கருவியை உருவாக்கி, அதன் எடையைக் கிண்டலடிச்சு 'சூப்பர் பாண்டரோசா' என்று பேர் வைத்தார். அதைத் தூக்கிக்கொண்டு காட்டு யானைகளுக்குப் பக்கத்தில் நடந்தே போனார். எடுத்ததெல்லாம் பெரும்பாலும் கறுப்பு வெள்ளைதான். அந்தப் படங்களில் விலங்கு மட்டும் இருக்காது. அது நிற்கிற புல்லும் மரமும் நிழலும் சேர்ந்தே இருக்கும். ஒரு உயிரை அதன் இடத்திலிருந்து பிரித்துக் காட்ட அவர் விரும்பியதில்லை.

நாரை யாருக்குச் சொந்தம்?

தமிழ் இலக்கியத்தையும் அவர் காட்டைப் படிக்கிற மாதிரியே படிச்சார். சத்திமுத்தப் புலவர் ஒரு நாரையைத் தன் மனைவியிடம் தூது அனுப்பும் பழைய பாட்டு உங்களுக்கு ஸ்கூலில் வந்திருக்கும். சிவந்த கால், சிவந்த அலகு, தென்கோடி வரை போய்விட்டு வடக்கே திரும்பும் பயணம். அந்த அடையாளங்களை வைத்து, அது குளிர்காலத்தில் வலசை வரும் செங்கால் நாரை என்று விளக்கினார் கிருஷ்ணன். வறுமையில் வாடிய ஒரு புலவர் எவ்வளவு துல்லியமாகப் பறவையைப் பார்த்திருக்கிறார், பாருங்க!

பறவையை இப்படிச் சொந்தமாக நினைக்கிற மக்கள் உலகம் முழுக்க இருக்காங்க. அலாஸ்காவில் வாழும் டிலிங்கிட் பழங்குடியினர் தங்கள் சமூகத்தையே அண்டங்காக்கை, கழுகு என்று இரண்டு பிரிவாகச் சொல்வார்கள். பிள்ளைகள் அம்மாவின் பிரிவில் சேருவார்கள். உலகத்துக்கு வெளிச்சம் கொண்டுவந்ததே அண்டங்காக்கைதான் என்பது அவர்கள் கதை. நம்ம வீட்டில் காக்காவுக்குச் சோறு வைத்துவிட்டுத்தான் படையல் சாப்பாடு. வேடந்தாங்கல் ஊர்க்காரர்கள் இன்னும் ஒரு படி மேலே. ஏரிக்கு வரும் பறவைகளைச் சுடக் கூடாது என்று 18-ஆம் நூற்றாண்டின் கடைசியிலேயே ஆங்கிலேய கலெக்டரிடம் உத்தரவு வாங்கினார்கள். பறவை எச்சம் கலந்த தண்ணீர் வயலுக்கு உரம் என்பது அவர்களுக்குத் தெரியும். அந்த வேடந்தாங்கலைப் பற்றியும் கிருஷ்ணன் எழுதினார், படம் எடுத்தார். 1970-ல் அவருக்கு பத்மஸ்ரீ கிடைத்தது.

சரி, பழவேற்காட்டுக்குத் திரும்புவோம்

பூநாரை சும்மா எழும்பாது. உடம்பு கனம். தண்ணீர் மேல் கொஞ்ச தூரம் ஓடித்தான் மேலே போகும். நீங்க விரட்டுகிற ஒவ்வொரு தடவையும் அது மேய்கிற நேரம் போகுது, சேர்த்து வைத்த சக்தியும் போகுது. அடுத்த வலசைப் பயணத்துக்கு அந்தச் சக்திதான் பெட்ரோல்.

அதனால் கிருஷ்ணன் மாதிரி கொஞ்சம் காத்திருந்து பாருங்க. காற்று எந்தப் பக்கம் அடிக்குதுன்னு கவனிங்க. பறவைகள் பெரும்பாலும் காற்றை எதிர்த்துத்தான் எழும்பும். காற்று உங்க முதுகுப் பக்கம் இருந்தால், எழும்பும் கூட்டம் உங்களைப் பார்த்தே வரும். கரையிலேயே உட்காருங்க. ஒரு மணி நேரம் ஆகலாம், இரண்டு மணி நேரமும் ஆகலாம். ஒருவேளை படமே கிடைக்காமலும் போகலாம். வீட்டுக்கு வந்து போனைத் திறந்தால் வெறும் தண்ணீரும், தூரத்தில் ஒரு வெள்ளைக் கோடும்தான் இருக்கும். அதையும் போஸ்ட் பண்ணுங்க. அவை நிம்மதியாகச் சாப்பிட்ட நாளின் படம் அது.