பட்டாணிச் செடியைக் காட்டிக் கடன் வாங்கியவர்: பால்கே எடுத்த டைம்லாப்ஸ் பற்றித் தெரியுமா?

உங்கள் ஆக்‌ஷன் கேமராவை மொட்டை மாடிச் சுவரில் வைக்கிறீர்கள். டைம்லாப்ஸ் மோடு, 5 விநாடிக்கு ஒரு படம், ஒரு மணி நேரம். மொத்தம் 720 படங்கள். விநாடிக்கு 30 ஃபிரேம் வேகத்தில் ஓட்டினால் 24 விநாடி வீடியோ. சூரியன் இறங்கியாச்சு, மேகம் ஓடியாச்சு, ரீல்ஸ் ரெடி. அந்த ஒரு மணி நேரமும் நீங்க உள்ளே உட்கார்ந்து டீ குடிச்சிருப்பீங்க.

இதே வேலையை 1912இல் பம்பாயில் ஒருவர் செய்தார். அவரிடம் இருந்தது கையால் சுற்றும் கேமரா. பேட்டரி கிடையாது, டைமர் கிடையாது. எடுத்ததை உடனே பார்க்கத் திரையும் கிடையாது. கேமராவுக்கு முன்னால் இருந்தது ஒரு தொட்டி, அதில் சில பட்டாணி விதைகள். அந்தப் படம் சரியாக வராவிட்டால் அவர் குடும்பத்தின் கதி என்ன என்பது யாருக்கும் தெரியாது.

அவர் பெயர் உங்களுக்குத் தெரியும். சிவாஜி கணேசன், கே.பாலசந்தர், ரஜினிகாந்த் ஆகியோருக்குக் கிடைத்த திரைத்துறை விருதின் பெயரிலேயே இருக்கிறார்: தாதாசாகேப் பால்கே.

விருதுக்கு முன்னால் யார் அவர்?

துண்டிராஜ் கோவிந்த் பால்கே 1870 ஏப்ரல் 30 அன்று நாசிக் பக்கத்தில் உள்ள திரியம்பகத்தில் பிறந்தார். பம்பாய் ஜே.ஜே. கலைப் பள்ளியிலும், பிறகு பரோடா கலாபவனிலும் படித்தார். ஓவியம், போட்டோகிராபி, அச்சு வேலை என்று கையில் கிடைத்த எல்லாவற்றையும் கற்றுக்கொண்டார்.

அவருடைய ரெஸ்யூமேயை இன்றைய எச்.ஆர். பார்த்தால் கொஞ்சம் யோசிப்பார். கோத்ராவில் போட்டோகிராபர்; அங்கே பிளேக் நோயில் முதல் மனைவியையும் குழந்தையையும் பறிகொடுத்து ஊரை விட்டார். தொல்லியல் துறையில் வரைவாளர். அந்த அரசு வேலையையும் விட்டார். அடுத்து அச்சகம். அச்சு நுட்பம் கற்க 1909இல் ஜெர்மனிக்கே போய் வந்தார். திரும்பி வந்தபின் கூட்டாளிகளோடு ஒத்துப்போகவில்லை. நாற்பது வயதில் வேலை இல்லை, சேமிப்பும் பெரிதாக இல்லை.

அந்த நாட்களில்தான் பம்பாயில் இயேசுவின் வாழ்க்கையைச் சொல்லும் மௌனப் படம் ஒன்றைப் பார்த்தார். நம் ராமனும் கிருஷ்ணனும் இப்படித் திரையில் வரவேண்டும் என்ற எண்ணம் அவரைப் பிடித்துக்கொண்டது. தினமும் படம் பார்த்தார், ராத்திரி கண் விழித்துப் பரிசோதனை செய்தார். கடைசியில் சில காலம் பார்வையே போய்விட்டது. சிகிச்சைக்குப் பிறகு பார்வை திரும்பியது. திரும்பியதும் மறுபடி அதே வேலை.

தன் ஆயுள் காப்பீட்டை அடகு வைத்துக் கிடைத்த பணத்தோடு 1912 பிப்ரவரியில் லண்டனுக்குக் கப்பல் ஏறினார். செசில் ஹெப்வொர்த் என்ற படத் தயாரிப்பாளரின் ஸ்டூடியோவில் வேலையைப் பக்கத்தில் நின்று பார்த்தார். ஒரு வில்லியம்சன் கேமராவும், பிலிமின் ஓரத்தில் துளை போடும் இயந்திரமும் வாங்கிக்கொண்டு ஏப்ரலில் ஊர் திரும்பினார்.

ஏன் பட்டாணி?

கேமரா வந்துவிட்டது, படம் எடுக்கப் பணம் இல்லை. பணம் வைத்திருந்தவர்கள் மனதில் இருந்தது நியாயமான சந்தேகம்: இந்த மனிதருக்கு உண்மையிலேயே இந்த இயந்திரத்தை இயக்கத் தெரியுமா? இன்று ஸ்டார்ட்-அப் தொடங்கும் யாரும் முதலீட்டாளர் முன்னால் எதிர்கொள்ளும் அதே கேள்விதான். பால்கே பேசிப் புரியவைக்க முயலவில்லை. டெமோ தயார் செய்தார்.

தொட்டியில் பட்டாணி விதைத்தார். கேமராவை அதன் எதிரே அசையாமல் நிறுத்தினார். ஒரு மாதத்துக்கும் மேலாக, விதை முளைப்பதிலிருந்து கொடியாகப் படர்வது வரை கொஞ்சம் கொஞ்சமாகப் பதிவு செய்தார். பட்டாணி இதற்குப் பொருத்தமான செடி. சீக்கிரம் முளைக்கும், ஒரு மாதத்துக்குள் பற்றிக்கொண்டு ஏறும். அதற்குள் ஒரு முழுக் கதை இருக்கிறது.

தினமும் ஒரே ஒரு ஃபிரேம் எடுத்தார், படம் ஒரு நிமிடம் ஓடியது என்றுதான் இதைப் பல இடங்களில் படிப்பீர்கள். கணக்குப் போட்டுப் பாருங்க, இடிக்கும். மௌனப் படக் காலத்தில் விநாடிக்குச் சுமார் 16 ஃபிரேம். நாளுக்கு ஒன்று என்றால் 30 நாளில் 30 ஃபிரேம்; இரண்டு விநாடியில் படம் முடிந்துவிடும். ஒரு நிமிடம் ஓட 960 ஃபிரேம் வேண்டும். அதாவது தினமும் முப்பது ஃபிரேமாவது எடுத்திருக்க வேண்டும். அந்தக் காலக் கேமராக்களில் கைப்பிடியை ஒரு சுற்றுச் சுற்றினால் பொதுவாக 8 ஃபிரேம் நகரும். எப்படிப் பார்த்தாலும் ஒரு மாதம் முழுக்க அந்தத் தொட்டியை விட்டு அவர் அதிகம் நகர்ந்திருக்க முடியாது.

திரையில் விதை பிளந்து, தளிர் நிமிர்ந்து, கொடி வளைந்து ஏறியதைப் பார்த்தவர்களுக்கு ஏதோ மந்திரம் பார்த்தது போல இருந்தது. பணம் கிடைத்தது.

பிறகு நடந்தது என்ன?

அந்தப் பணம் மட்டும் போதவில்லை. மனைவி சரஸ்வதிபாயின் நகைகளும் போயின. சரஸ்வதிபாய் நகையைக் கழற்றிக் கொடுத்ததோடு நிற்கவில்லை. படக்குழு மொத்தத்துக்கும் சமைத்தார், துளையில்லாமல் வந்த பிலிமில் துளை போட்டார், வெயிலில் வெள்ளைத் துணியைப் பிடித்து நடிகர்கள் முகத்தில் வெளிச்சம் விழச் செய்தார். இன்று என்றால் டைட்டிலில் அவர் பெயர் நாலு இடத்தில் வரும்.

நடிக்கப் பெண்கள் யாரும் முன்வராததால், உணவு விடுதியில் சமையல் வேலை பார்த்த அண்ணா சாளுங்கே தாராமதியாக நடித்தார். 1913 மே 3 அன்று பம்பாய் கிர்காவ் பகுதியில் இருந்த கொரோனேஷன் அரங்கில் 'ராஜா ஹரிச்சந்திரா' வெளியானது. இந்தியாவின் முதல் முழுநீளக் கதைப்படமாக அது கொண்டாடப்படுகிறது.

அடுத்து 1917இல் 'லங்கா தகன்', 1919இல் மகள் மந்தாகினி குட்டிக் கிருஷ்ணனாக நடித்த 'காளிய மர்தன்' என்று வெற்றிகள் வந்தன. பணம் போட்ட கூட்டாளிகளோடு தொடங்கிய ஹிந்துஸ்தான் பிலிம்ஸில் மறுபடி அதே மனக்கசப்பு. பேசும் படம் வந்ததும் காலம் அவரைத் தாண்டிப் போனது. 1937இல் வந்த 'கங்காவதரண்' அவருடைய கடைசிப் படம். 1944 பிப்ரவரி 16 அன்று நாசிக்கில் காலமானார். அவர் பெயரில் விருது வந்தது 1969இல், கால் நூற்றாண்டு கழித்து.

நீங்களும் முயலலாமா?

தாராளமாக. ஜன்னலோரம் ஒரு தொட்டியில் பட்டாணி போடுங்க. ஆக்‌ஷன் கேமராவில் 60 விநாடிக்கு ஒரு படம் என்று வைத்தால் ஒரு நாளில் 1,440 படங்கள், அதாவது 48 விநாடி வீடியோ. ஒரு மாதம் எடுக்கப் போகிறீர்கள் என்றால் இடைவெளியை இன்னும் கூட்டுங்கள். பேட்டரியை நம்பாதீங்க, சார்ஜரில் இணைத்தே வையுங்கள். எக்ஸ்போஷரையும் வொயிட் பேலன்ஸையும் லாக் செய்யுங்கள். இல்லையென்றால் ஒவ்வொரு படத்துக்கும் வெளிச்சம் மாறி வீடியோ மினுக்கும். வீட்டில் உள்ளவர்களிடம் தொட்டியை நகர்த்த வேண்டாம் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

பார்ப்பவர்களுக்கு அது ஒரு நிமிட வீடியோ. பால்கே வீட்டில் அது ஒரு மாதம். அடகில் இருந்த காப்பீட்டோடும், அப்போதுதான் திரும்பி வந்த பார்வையோடும், பட்டாணி முளைக்கட்டும் என்று காத்திருந்த ஒரு மாதம்.